கொலைகளை எண்ணிய கல்லூரி: டஸ்கிகியும் மன்றோ வொர்க்கும்

ஒரு கல்லூரியின் செய்தித் தொடர்பு அலுவலகம் என்ன செய்யும்? பட்டமளிப்பு விழாவுக்குப் பத்திரிகைக் குறிப்பு எழுதும். புதுக் கட்டடத்தின் படத்தை நாளிதழ்களுக்கு அனுப்பும். நன்கொடையாளர் வந்தால் ஆண்டு மலரைக் கையில் கொடுத்து வளாகத்தைச் சுற்றிக் காட்டும். வளாகத்தில் ஏதாவது நடந்துவிட்டால் அது வெளியே கசியாமல் பார்த்துக்கொள்ளும். நிறுவனத்தின் முகத்தைத் துடைத்து வைப்பதுதான் அந்த வேலை.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் இருந்த ஒரு கறுப்பினக் கல்லூரியிலிருந்து ஆண்டு முடிவில் நாளிதழ்களுக்கு ஒரு கடிதம் போகும். அதில் விழாச் செய்தி இருக்காது. அந்த ஆண்டில் கும்பல் கூடி அடித்தும் தூக்கிலிட்டும் எரித்தும் கொன்றவர்கள் எத்தனை பேர், எந்தெந்த மாநிலத்தில், கறுப்பர் எத்தனை, வெள்ளையர் எத்தனை, என்ன குற்றம் சாட்டிக் கொன்றார்கள், எத்தனை இடங்களில் காவலர்கள் கொலையைத் தடுத்தார்கள் என்ற கணக்கு இருக்கும். கல்லூரியின் பெயர் டஸ்கிகி. கடிதத்தில் முதல்வர் கையெழுத்திடுவார். கணக்கைத் தொகுத்தவர் மன்றோ நாதன் வொர்க் என்ற சமூகவியலாளர்.

வன்கொடுமைகளை ஆவணப்படுத்தும் தோழர்களும் இயக்கத்தின் முகநூல் பக்கத்தை நடத்தும் மாணவர்களும் இந்த மனிதரைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் விட்டுச் சென்ற வழிமுறையும், அந்த வழிமுறையில் இருந்த ஓட்டைகளும் இரண்டுமே நமக்குப் பாடம்.

முகத்தைக் காத்த செயலாளர்

டஸ்கிகி 1881ஆம் ஆண்டு ஜூலை 4 அன்று தொடங்கியது. அடிமையாகப் பிறந்த புக்கர் டி. வாஷிங்டன் அதன் முதல் தலைவர். கறுப்பின இளைஞர்களுக்குத் தொழிற்கல்வியும் ஆசிரியர் பயிற்சியும் கொடுத்தார். 1895இல் அட்லாண்டாவில் அவர் பேசிய பேச்சு நாடு முழுக்கப் பரவியது. சமூக வாழ்வில் இரு இனங்களும் விரல்களைப் போலப் பிரிந்திருக்கலாம், பொருளாதார முன்னேற்றத்தில் ஒரே கையாக இருக்கலாம் என்பது அந்தப் பேச்சின் சாரம். வெள்ளை முதலாளிகளுக்கு இது பிடித்துப்போனது. கார்னகி போன்ற கோடீசுவரர்களின் பணம் டஸ்கிகிக்கு வந்தது.

இப்படி ஒரு பெயரை எடுப்பதற்கும் காப்பாற்றுவதற்கும் ஆள் வேண்டும். 1897இல் அந்த வேலைக்கு வந்தவர் எம்மட் ஜே. ஸ்காட். டெக்சாஸில் பிறந்தவர், ஹூஸ்டனில் கறுப்பின வார இதழ் நடத்திய பத்திரிகையாளர். பதவியின் பெயர் தலைவரின் செயலாளர் என்றாலும் அவர் பார்த்தது இன்றைக்கு நாம் செய்தித் தொடர்பு இயக்குநர் என்று சொல்லும் வேலைதான். எந்தப் பத்திரிகையில் என்ன வர வேண்டும், யாருக்கு விளம்பரம் கொடுக்க வேண்டும், யாரை விலக்கி வைக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் மேசையைத் தாண்டித்தான் போனது. சில கறுப்பினப் பத்திரிகைகளுக்கு டஸ்கிகியிலிருந்து மறைமுகமாகப் பணம் போனது. வாஷிங்டனை எதிர்த்தவர்கள் இந்த அமைப்பை 'டஸ்கிகி எந்திரம்' என்றே அழைத்தார்கள்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. மேடையில் பொறுமையைப் போதித்த அதே வாஷிங்டன், கறுப்பர்களின் வாக்குரிமையைப் பறித்த அலபாமா அரசியல் சட்டத்தை எதிர்த்த வழக்குகளுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்தார். அந்த வழக்கறிஞருக்கும் ஸ்காட்டுக்கும் நடந்த கடிதப் போக்குவரத்தில் புனைபெயர்களும் சங்கேதச் சொற்களும் இருந்தன. விஷயம் தெரிந்தால் நன்கொடை நின்றுவிடும், கல்லூரியே எரிந்துபோகலாம் என்ற அச்சம். ஆக, டஸ்கிகியின் செய்தி அலுவலகத்தில் பாதி வேலை சொல்வது, மீதி வேலை மறைப்பது. ஒடுக்கப்பட்டவர் நடத்தும் நிறுவனம் ஆதிக்கச் சாதியின் பணத்திலும் தயவிலும் உயிர்வாழ வேண்டியிருக்கும்போது இந்த இரட்டை வாழ்க்கை வந்துவிடுகிறது. நம் ஊரிலும் பார்க்கிறோம்.

23 வயதில் உயர்நிலைப் பள்ளி

மன்றோ வொர்க் 1866இல் வட கரோலினாவில் பிறந்தார். பெற்றோர் அடிமைகளாக இருந்து விடுதலை அடைந்தவர்கள். அடிமை முறை ஒழிந்து ஓராண்டுகூட ஆகவில்லை. குடும்பம் இல்லினாய்சுக்கும், பின்னர் கன்சாசுக்கும் இடம் பெயர்ந்து நிலம் எடுத்து உழுதது. மூத்தவர்கள் வீட்டை விட்டுப் போனபின் வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கடைக்குட்டியான மன்றோவின் தலையில் விழுந்தது. அதனால் உயர்நிலைப் பள்ளியில் சேரும்போது அவருக்கு வயது 23. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலருக்கு இந்தக் கதை அந்நியமாக இருக்காது.

பின்னர் சிகாகோவில் இறையியல் படித்தார். அதிலிருந்து சமூகவியலுக்கு மாறி, 1903இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். அதற்கு முன்பே, 1900இல், சிகாகோவின் கறுப்பர்களிடையே குற்றம் பற்றி அவர் எழுதிய கட்டுரை அமெரிக்கச் சமூகவியல் ஆய்விதழில் வெளியானது. அந்த இதழில் எழுதிய முதல் கறுப்பர் அவர்தான். குற்றம் ரத்தத்தில் ஊறியது என்று வெள்ளை அறிஞர்கள் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், அவர் கைது எண்ணிக்கைகளையும் மக்களின் வாழ்நிலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசினார்.

படிப்பு முடித்ததும் ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகரில் ஒரு கறுப்பினக் கல்லூரியில் ஆசிரியரானார். 1905இல் டு பாய்ஸ் அழைப்பில் நயாகரா இயக்கத்தின் தொடக்கக் கூட்டத்துக்கும் போனார். நயாகரா இயக்கம் வாஷிங்டனின் சமரச அரசியலை வெளிப்படையாக எதிர்த்த இயக்கம். அப்படிப்பட்டவரை 1908இல் வாஷிங்டனே டஸ்கிகிக்கு அழைத்தார். வொர்க் போனார்.

எதிர் முகாமுக்குப் போய்விட்டார் என்று பேச்சு எழுவது இயல்புதான். வாஷிங்டனுக்குத் தேவைப்பட்டதும் சாதாரண விஷயம். டஸ்கிகியில் படித்தவர்கள் இப்போது எங்கே என்ன செய்கிறார்கள் என்ற பட்டியலும், தம் பேச்சுகளுக்கும் கட்டுரைகளுக்கும் சரியான புள்ளிவிவரமும் வேண்டும். விளம்பரத்துக்கு எண்கள் கொடுக்கும் எழுத்தர் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். வொர்க் அந்த வேலையை ஏற்று, அதை வேறொன்றாக மாற்றினார். அவர் பொறுப்பில் பதிவேடுகள், ஆய்வுத் துறை உருவானது. கறுப்பின மக்களின் வாழ்க்கையைப் பற்றிய எல்லாவற்றையும் அங்கே சேர்க்கத் தொடங்கினார்.

கத்தரிக்கோலும் பசையும்

வேலை நடந்த விதம் எளிமையானது. வடக்கு, தெற்கு என்று பல பகுதிகளின் நாளிதழ்கள் கல்லூரிக்கு வரும். கறுப்பினப் பத்திரிகைகளும் வெள்ளையர் பத்திரிகைகளும் அதில் உண்டு. செய்திகளைக் கத்தரித்து, பொருள்வாரியாகப் பிரித்து, நாள் குறித்துக் கோப்பில் வைப்பார்கள். டஸ்கிகியின் இந்தச் செய்தித் துணுக்குக் கோப்பு 1899 முதல் 1966 வரையிலான காலத்தைத் தாங்கி நிற்கிறது. இன்றும் ஆய்வாளர்கள் அதைப் புரட்டுகிறார்கள்.

1912இல் 'நீக்ரோ இயர் புக்' என்ற ஆண்டு நூலை வொர்க் கொண்டுவந்தார். மக்கள்தொகை, நிலவுடைமை, பள்ளிகள், தேவாலயங்கள், கண்டுபிடிப்புகள், சட்டங்கள், கொலைகள் எல்லாம் ஒரே நூலில். 1938இல் ஓய்வு பெறும்வரை ஒன்பது பதிப்புகளை அவர் தொகுத்தார். 1928இல் ஆப்பிரிக்காவிலும் அமெரிக்காவிலும் வாழும் கறுப்பின மக்கள் குறித்த சுமார் 17,000 பதிவுகள் கொண்ட நூலடைவை வெளியிட்டார். கறுப்பர்களுக்கு வரலாறே இல்லை என்று சொன்னவர்களுக்கு அந்தப் பக்கங்களே பதில்.

அந்தத் துறையின் பணிகளில் நாட்டை அதிகம் தொட்டது லிஞ்சிங் கணக்கு. கும்பல் கூடி, நீதி வழங்குவதாகச் சொல்லிக்கொண்டு ஒருவரைக் கொல்வதுதான் லிஞ்சிங். இதை எண்ணியவர்களில் வொர்க் முதல்வர் அல்ல. சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழ் 1882 முதல் ஆண்டுக் கணக்கு வெளியிட்டது. ஐடா பி. வெல்ஸ் என்ற கறுப்பினப் பெண் பத்திரிகையாளர் 1892இலும் 1895இலும் வெளியிட்ட பிரசுரங்களில் லிஞ்சிங்கின் உண்மைக் காரணங்களை அம்பலப்படுத்தினார். இரண்டாவது பிரசுரத்தில் அந்த வெள்ளையர் நாளிதழின் எண்களையே எடுத்தாண்டார். நாங்கள் சொன்னால் நம்பமாட்டீர்கள், உங்கள் பத்திரிகை சொல்வதையாவது நம்புங்கள் என்ற உத்தி அது. அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. மெம்ஃபிஸில் அவருடைய பத்திரிகை அலுவலகம் அழிக்கப்பட்டது, ஊர் திரும்பினால் உயிர் போகும் என்று மிரட்டினார்கள்.

வெல்ஸ் திறந்த பாதையை வொர்க் ஒரு நிறுவனத்தின் அன்றாட வேலையாக ஆக்கினார். 1882 தொடங்கி கணக்கு எடுக்கப்பட்டது. வொர்க்குக்குப் பின் ஜெசி குஸ்மன் என்ற பெண் அந்தப் பணியைத் தொடர்ந்தார். டஸ்கிகியின் கணக்குப்படி 1882 முதல் 1968 வரை லிஞ்சிங்கில் கொல்லப்பட்டவர்கள் 4,743 பேர். அவர்களில் 3,446 பேர் கறுப்பர்கள். 1892ஆம் ஆண்டில் மட்டும் 230 பேர், அதில் 161 பேர் கறுப்பர்கள்.

இந்த எண்களுக்குள் ஒரு பெரிய பொய் உடைந்தது. வெள்ளைப் பெண்களின் மானத்தைக் காக்கவே கொல்கிறோம் என்பதுதான் கும்பல்களின் நியாயம். ஆனால் டஸ்கிகியின் அட்டவணையில் பாலியல் வன்முறையோ அதற்கான முயற்சியோ குற்றச்சாட்டாகவாவது சொல்லப்பட்ட கொலைகள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். அதுவும் சுமத்தப்பட்ட குற்றச்சாட்டு, மெய்ப்பிக்கப்பட்டது அல்ல. வெள்ளையரை அவமதித்தார் என்று சொல்லிக் கொன்றதும் அந்தப் பட்டியலில் இருந்தது. 'நம்ம பொண்ணுங்க மானம்' என்ற பேச்சு ஆணவக் கொலைகளுக்கு எப்படிக் குடை பிடிக்கிறது என்பதை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1930இல் தெற்கத்திய வெள்ளைப் பெண்கள் சிலர், எங்கள் பெயரால் கொல்லாதீர்கள் என்று சொல்லி லிஞ்சிங் தடுப்புச் சங்கம் தொடங்கினார்கள். ஜெசி டேனியல் ஏம்ஸ் அதற்குத் தலைமை தாங்கினார். டஸ்கிகியின் எண்கள் அவர்கள் கையிலும் ஆயுதமாயின. தெற்கின் வெள்ளையர் நாளிதழ்களால்கூட அந்த ஆண்டுக் கடிதத்தைத் தூக்கி எறிய முடியவில்லை. எண்களுக்கு ஆதாரம் நாளிதழ்கள், அனுப்பியது மிதவாதக் கல்லூரி, மொழியில் கோபம் இல்லை. வாஷிங்டன் சேர்த்து வைத்த 'நல்ல பெயர்' எதற்காவது உருப்படியாகச் செலவானது என்றால் அது இதற்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கோபமா, கணக்கா?

டு பாய்ஸும் சமூகவியலாளர்தான். 1899இல் ஜார்ஜியாவில் சாம் ஹோஸ் என்ற கறுப்பரைக் கும்பல் எரித்துக் கொன்றது. அதைப் பற்றி நிதானமாக எழுதிய அறிக்கையை ஒரு நாளிதழிடம் கொடுக்க அட்லாண்டா தெருவில் நடந்துபோனார் டு பாய்ஸ். வழியில், கொல்லப்பட்டவரின் விரல் எலும்புகள் ஒரு கடையில் காட்சிக்கு வைக்கப்பட்டிருப்பதாகக் கேள்விப்பட்டார். திரும்பி வீட்டுக்குப் போய்விட்டார். மனிதர்களை இப்படிக் கொன்றுகொண்டிருக்கும்போது ஒருவன் அமைதியான ஆய்வாளனாக இருக்க முடியாது என்ற முடிவுக்கு அந்த நிகழ்வு தன்னைத் தள்ளியதாகப் பின்னாளில் எழுதினார்.

வொர்க் எடுத்த முடிவு வேறு. அவர் மேசையை விட்டு எழவில்லை. முப்பது ஆண்டுகள் ஒவ்வொரு செய்தியையும் கத்தரித்து ஒட்டினார். இதைக் கோழைத்தனம் என்று சொல்பவர்கள், அவர் உட்கார்ந்திருந்தது நியூயார்க்கில் அல்ல, அலபாமாவில் என்பதை நினைவில் வைக்க வேண்டும். அதே சமயம், கணக்கு மட்டும் போதும் என்று சொல்பவர்களுக்கும் வரலாறு பதில் வைத்திருக்கிறது. 1922 ஜனவரியில் டையர் மசோதா என்ற லிஞ்சிங் தடுப்புச் சட்டம் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. செனட்டில் தெற்கத்திய உறுப்பினர்கள் பேசிப் பேசியே அதைச் சாகடித்தார்கள். எண்கள் எல்லாம் அப்போதே கையில் இருந்தன. லிஞ்சிங்கைத் தனிக் குற்றமாக்கும் கூட்டாட்சிச் சட்டம் 2022 மார்ச் மாதத்தில்தான் கையெழுத்தானது. ஆதாரம் போதாமல் அந்தச் சட்டம் நூறு ஆண்டு தள்ளிப்போகவில்லை. ஆதாரத்தின் பின்னால் போதுமான அரசியல் பலம் இல்லாமல் தள்ளிப்போனது. கோபமும் கணக்கும் ஒன்றுக்கொன்று போட்டி அல்ல. கணக்கு இல்லாத கோபத்தை வதந்தி என்பார்கள். இயக்கம் இல்லாத கணக்கு அலமாரியில் தூங்கும்.

எண்ணாமல் விட்டவை

டஸ்கிகியின் கணக்கில் குறைகள் உண்டு. நாளிதழில் வராத கொலை அதில் ஏறவில்லை. டஸ்கிகி, ட்ரிப்யூன், கறுப்பின உரிமைச் சங்கம் மூன்றும் சொன்ன எண்கள் ஒன்றோடொன்று பொருந்தவும் இல்லை. எது லிஞ்சிங், எது கொலை என்ற சண்டை முற்றி, வொர்க் ஓய்வு பெற்ற பிறகு, 1940இல் டஸ்கிகியில் கூடி ஒரு வரையறை வகுத்தார்கள். ஒருவர் கொல்லப்பட்டதற்குச் சட்டப்படியான சான்று வேண்டும். சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்டிருக்க வேண்டும். கொலையில் ஒரு குழு பங்கெடுத்திருக்க வேண்டும். நீதி, இனம் அல்லது மரபைக் காப்பதாகச் சொல்லிச் செய்திருக்க வேண்டும்.

வரையறை வந்ததும் அதற்கு வெளியே நிற்பவை மறையத் தொடங்கின. இரண்டு பேர் இரவில் வந்து சுட்டுவிட்டுப் போனால்? வீட்டில் குண்டு வைத்தால்? காவல் நிலையத்திலேயே இறந்தால்? 1952ஆம் ஆண்டில் ஒரு லிஞ்சிங்கும் பதிவாகவில்லை என்று டஸ்கிகி அறிவித்தது. 1882க்குப் பிறகு அப்படி ஒரு ஆண்டு அதுவே முதல் முறை. ஆனால் அதற்கு முந்தைய கிறிஸ்துமஸ் இரவில்தான் புளோரிடாவில் உரிமைப் போராளி ஹாரி மூரும் அவர் மனைவியும் தூங்கிய வீட்டுக்கு வெடிகுண்டு வைத்துக் கொன்றார்கள். 1955இல் 14 வயது எம்மட் டில் கொல்லப்பட்டான். வன்முறை நின்றுவிடவில்லை, உடை மாற்றிக்கொண்டது.

2015இல் அலபாமாவின் சமநீதி முனைவு அமைப்பு, 12 தெற்கு மாநிலங்களில் 1877 முதல் 1950 வரை நடந்த கொலைகளை மீண்டும் தேடியது. முன்பு அறியப்பட்டதைவிட நூற்றுக்கணக்கான பெயர்கள் கூடுதலாகக் கிடைத்தன. 2018இல் மாண்ட்கோமரி நகரில் அந்தப் பெயர்களை உலோகத் தூண்களில் பொறித்து நினைவிடம் திறந்தார்கள்.

டஸ்கிகியின் வரலாற்றில் இன்னொரு கணக்கும் உண்டு. 1932 முதல் 1972 வரை, அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறை சிஃபிலிஸ் நோய் பற்றி அந்தப் பகுதிக் கறுப்பின ஆண்களிடம் ஆய்வு நடத்தியது. சுமார் 600 ஏழை உழவர்கள். அவர்களில் 399 பேருக்கு நோய் இருந்தது. அதை அவர்களிடம் சொல்லவே இல்லை. பென்சிலின் மருந்து வந்த பிறகும் கொடுக்கவில்லை. எத்தனை பேர் எப்படிச் சாகிறார்கள் என்று குறித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆய்வுக்கு டஸ்கிகியின் மருத்துவமனையும் இடம் கொடுத்தது. ஒரே வளாகம்தான், எண்ணும் வேலைதான். ஒன்று மக்களுக்காக எண்ணியது, இன்னொன்று மக்களையே சோதனைப் பொருளாக எண்ணியது. புள்ளிவிவரம் எப்போதும் நம் பக்கம் இருக்கும் என்று நம்புவதற்கு முன் இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

நம் பதிவேடு

வரையறையால் மனிதர்களை மறைக்கும் வித்தை அமெரிக்காவோடு நிற்கவில்லை. மனிதக் கழிவை மனிதரே அகற்றும் வேலையால் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்று 2021 ஜூலையில் ஒன்றிய அரசு மாநிலங்களவையில் சொன்னது. அதே அரசின் கணக்கில், சாக்கடைகளிலும் கழிவுத் தொட்டிகளிலும் 'ஆபத்தான முறையில் சுத்தம் செய்தபோது' இறந்தவர்கள் 941 பேர். 2013ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டையும் தனித்தனியாக வரையறுக்கிறது. ஒரு சொல்லை மாற்றினால் 941 பிணங்கள் ஒரு பத்தியிலிருந்து காணாமல் போகின்றன. சஃபாய் கர்மசாரி அந்தோலன் போன்ற அமைப்புகள் தாங்களே ஊர் ஊராகப் போய்ப் பெயர்களை எழுதாமல் இருந்திருந்தால் இந்த அளவுக்குக்கூடக் கணக்கு வெளியே வந்திருக்காது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் பட்டியல் சாதியினர் மீதான குற்றங்களை வெளியிடுகிறது. 2022இல் 57,582 வழக்குகள். அது வழக்குகளின் எண்ணிக்கை. காவல் நிலையத்தில் புகாரை வாங்காமல் திருப்பி அனுப்பினால், ஊர்ப் பஞ்சாயத்தில் சமரசம் பேசி முடித்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவைப் போடாமல் சாதாரணத் தகராறாக எழுதினால் அந்த எண்ணில் அது ஏறாது. கள ஆய்வுக்குப் போகும் எந்தத் தோழரைக் கேட்டாலும் ஏறாதவற்றின் கதைகளைச் சொல்வார்.

ஒடுக்கப்பட்டவர்களின் ஆவணங்கள் கடல் கடந்து பேசிய வரலாறும் நமக்கு உண்டு. 1946இல் அம்பேத்கர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவையில் கொடுத்த மனுவின் பிரதிகளைக் கேட்டார். தீண்டப்படாத மக்களுக்காகவும் அதே வழியில் செல்ல எண்ணியிருந்தார். மனு என்பது வெறும் முறையீடு அல்ல, அதற்குப் பின்னால் பதிவேடு வேண்டும் என்பதை இருவருமே அறிந்திருந்தார்கள்.

இன்று நம் இளைஞர்கள் கையில் கைபேசி இருக்கிறது. ஒரு வன்கொடுமை நடந்த ஒரு மணி நேரத்தில் காணொளி பரவுகிறது. மூன்றாம் நாள் அடுத்த காணொளி வந்துவிடுகிறது. ஓராண்டு கழித்து அந்த வழக்கு என்ன ஆனது என்று கேட்டால் பதில் சொல்ல யாரிடமும் ஒரு தாள் இருப்பதில்லை. வொர்க் செய்த வேலை இந்த இடத்தில்தான் தேவைப்படுகிறது. அதற்குப் பெரிய நிதியோ அலுவலகமோ தேவையில்லை. உங்கள் மாவட்டத்துக்கு ஒரு பதிவேடு போதும். பாதிக்கப்பட்டவர் பெயர், வயது, ஊர், நாள், நடந்தது என்ன, எதைச் சாக்காகச் சொன்னார்கள், முதல் தகவல் அறிக்கை எண், எந்தப் பிரிவுகள், எந்தப் பிரிவைப் போடவில்லை, தகவல் எங்கிருந்து கிடைத்தது, வழக்கு இப்போது எந்த நிலையில். பெயரை வெளியிடக் கூடாத வழக்கில் பெயரைக் காத்து வையுங்கள். வரையறைக்குள் வராதவற்றுக்குத் தனியாக ஒரு பக்கம் ஒதுக்குங்கள், அந்தப் பக்கம்தான் நாளை முக்கியமாக இருக்கும். எழுதி வைப்பதற்கு முன் அந்தக் குடும்பத்திடம் எதற்காக எழுதுகிறோம் என்று சொல்லுங்கள், எழுதியதைப் படித்துக் காட்டுங்கள்.

மன்றோ வொர்க் 1945 மே மாதம் டஸ்கிகியில் காலமானார். அவர் பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட அவர் துறை எண்ணிய 4,743 என்ற எண்ணை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். அவர் கோப்புகளைத் திறந்தால் அந்த எண்ணுக்குப் பின்னால் ஒவ்வொரு கொலைக்கும் ஒரு நாள், ஒரு ஊர், மங்கிப்போன ஒரு செய்தித் துணுக்கு இருக்கிறது. நம் மாவட்டத்தின் கோப்பை யாராவது திறந்து பார்த்தால் அதில் என்ன இருக்கும் என்பது இந்த வாரம் நாம் எழுதி வைப்பதைப் பொறுத்தது.